மேலிருந்து பார்த்தவர்கள் – 9: கோதுமை வயலில் ஒரு வட்டம்

1906இல் ராணுவ பலூனில் ஏறிய லெப்டினன்ட் ஷார்ப், ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை மேலிருந்து படம் பிடித்தார். முதல் உலகப்போர் அந்த வேலையை பலூனிடமிருந்து வாங்கி விமானத்திடம் கொடுத்தது. மெசபடோமியாவில் வரைபடப் பணியில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி பீஸ்லி, சமாராவுக்கு அருகே, நடந்து போகிறவர் கண்ணில் படாத ஒரு பழைய நகரத்தின் தடத்தை விமானப் படங்களில் கண்டார். கடந்த வாரங்களில் நாம் பார்த்தது இவ்வளவு.

போர் ஓய்ந்தபோது பிரிட்டனிடம் விமானங்கள் மிச்சமிருந்தன. கேமராக்கள் இருந்தன. பறந்தபடியே படம் எடுக்கப் பழகிய கைகள் இருந்தன. பயிற்சிக்காகக் கிளம்பிய விமானிகள் தெற்கு இங்கிலாந்தின் வயல்களையும் மேய்ச்சல் மேடுகளையும் எடுத்துக் குவித்தார்கள். அந்தப் படங்கள் ராணுவ அலுவலகங்களின் அலமாரிகளில் கிடந்தன.

அவற்றை வாசிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

பம்பாயில் பிறந்தவர்

ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் 1886இல் பம்பாயில் பிறந்தார். தந்தை அங்கே பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துபோக, 3 மாதக் கைக்குழந்தையாகக் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அத்தைமார் வளர்த்தார்கள். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த மேடுகளும் பழைய கற்களும் பிடித்துப்போயின. ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் படித்தார்.

போரில் ராயல் ஃப்ளையிங் கோர் படையில் சேர்ந்தார். விமானியாக அல்ல, பின்னிருக்கையில் அமர்ந்து கீழே பார்த்துக் குறிப்பெடுக்கும் அப்சர்வராக. 1918 பிப்ரவரியில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட, போர் முடியும்வரை ஜெர்மன் சிறைமுகாமில் இருந்தார். 1920இல் பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே அவரைத் தன் முதல் தொல்லியல் அதிகாரியாக நியமித்தது. வரைபடங்களில் பழங்காலச் சின்னங்களைச் சரியாகக் குறிப்பது வேலை. அதற்காக சைக்கிளிலும் கால்நடையாகவும் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார்.

வானிலிருந்து பார்த்துப் பழகிய கண், மண்ணை மிதித்துப் பழகிய கால், வரைபடம் போடும் கை. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அப்போதுதான்.

மேசையில் பரப்பிய படங்கள்

1922. ஹாம்ப்ஷயரில் விமானப்படை அதிகாரி கிளார்க்-ஹால் பயிற்சிப் படங்களைப் புரட்டும்போது சில வயல்களில் விநோதமான கோடுகள் இருப்பதைக் கவனித்தார். செய்தி வில்லியம்ஸ்-ஃப்ரீமன் என்ற மருத்துவரின் காதுக்குப் போனது. ஓய்வு நேரமெல்லாம் பழைய மேடுகளை அளந்துகொண்டிருந்தவர் அவர். கிராஃபோர்டை அழைத்துக்கொண்டு படங்களைப் பார்க்கப் போனார்.

மேசையில் படங்கள் பரப்பப்பட்டன. கிராஃபோர்ட் குனிந்து பார்த்தார்.

கோடுகள் வெறும் கோடுகள் அல்ல. கட்டம் கட்டமாக, சின்னச் சின்னப் பாத்திகளாக, ஒரு மலைச்சரிவு முழுவதும் பரவியிருந்த வயல்கள் அவை. ரோமானியர் காலத்திலும் அதற்கு முன்பும் உழப்பட்ட நிலம். சரிவில் ஏர் ஓட்டும்போது மண் கீழே நழுவி, வயலின் கீழ்எல்லையில் சேர்ந்து மெல்ல ஒரு கரையாகிவிடும். உழுதவர்கள் போய்விட்டார்கள், கரைகள் தங்கிவிட்டன. அந்தக் கரைகளைத்தான் கிராஃபோர்ட் பல வருடங்களாகக் கால் கடுக்கத் தேடிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று கிடைக்கும். எந்தத் துண்டு எதனுடன் சேரும் என்பது தெரியாது. படத்தில் மொத்தமும் ஒரே பார்வையில் விரிந்து கிடந்தது.

இந்த வித்தியாசத்தைப் பின்னாளில் அவர் ஒரு கம்பளத்தை வைத்து விளக்கினார். அதே கம்பளத்தை, பூனையின் கண் உயரத்திலிருந்து ஒருமுறையும், நிற்கும் மனிதரின் கண் உயரத்திலிருந்து ஒருமுறையும் படமெடுத்து அருகருகே அச்சிட்டார். பூனைக்குத் தெரிவது ஒழுங்கில்லாத திட்டுகள். மனிதருக்குத் தெரிவது பூவேலை. நடந்து ஆய்வு செய்யும் தொல்லியலாளர் அதுவரை பூனையின் இடத்தில் இருந்தார்.

1923 மார்ச்சில் லண்டன் ராயல் ஜியாகிரஃபிக்கல் சொசைட்டியில் கிராஃபோர்ட் இந்தப் படங்களைக் காட்டிப் பேசினார். அடுத்த சில மாதங்களில் நடந்ததுதான் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

தொலைந்துபோன பாதை

ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து ஒரு பாதை கிளம்புகிறது. இரு புறமும் கரையும் அகழியும் கொண்ட அகலமான பாதை. 18ஆம் நூற்றாண்டில் ஸ்டூக்லி என்ற ஆய்வாளர் அதைக் கண்டு எழுதிவைத்தார். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் உழவு நிலத்தில் அது மறைந்துவிடுகிறது. எங்கே போய் முடிந்தது? 200 ஆண்டுகளாகப் பதில் இல்லை.

விமானப்படை 1921இல் பயிற்சிக்காக எடுத்த படங்களில், ஸ்டோன்ஹெஞ்சின் கிழக்கே உழவு வயல்களின் குறுக்கே இரண்டு மெல்லிய கோடுகள் இணையாக ஓடின. எடுத்தவர்களுக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. 2 வருடம் கழித்து கிராஃபோர்ட் அதே படத்தைப் பார்த்தார். பாதை ஏவன் ஆற்றை நோக்கி இறங்கிப் போகிறது!

படத்தை மட்டும் நம்பி அவர் நிற்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே பாஸ்மோர் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கோடுகள் தெரிந்த இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தார். தூர்ந்துபோன அகழிகள் சரியாக அங்கேயே இருந்தன.

விமானப் படம் சொன்னதை மண்வெட்டி ஒப்புக்கொண்டது. செய்தித்தாளில் வந்த கட்டுரையை நாடு படித்தது. படித்தவர்களில் ஒருவர் பெரும் பணக்காரர்.

மார்மலேட் பணம், போர்க்கால விமானம்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து கீலர் குடும்பத்தின் ஆரஞ்சு மார்மலேட் ஜாடி பிரிட்டன் முழுக்கக் காலை உணவு மேசைகளில் இருந்தது. அந்தச் செல்வத்தின் வாரிசு அலெக்சாண்டர் கீலர். வேகமான கார், பனிச்சறுக்கு, பழங்காலம் என்று ஆசைகள் பல. கிராஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். படையினர் எடுத்துப்போட்ட படங்களில் தற்செயலாகக் கிடைப்பதை எதிர்பார்த்திருப்பானேன், பழஞ்சின்னங்களைப் படமெடுப்பதற்கென்றே ஒரு விமானத்தை அமர்த்தலாமே என்பது யோசனை. செலவு அவருடையது.

1924 கோடை. டி ஹாவிலண்ட் நிறுவனத்திடமிருந்து டிஎச்-9 ரக விமானம் ஒன்று வாடகைக்கு வந்தது. போரில் குண்டு போடப் பறந்த ரகம். இரண்டடுக்கு இறக்கை, திறந்த இருக்கை. ஜெர்மன் தயாரிப்புக் கேமரா. ஃபிலிம் சுருள் கிடையாது, கண்ணாடித் தகடுகள்தான். முகத்தில் அறையும் காற்றில் தகடு மாற்ற வேண்டும். எஞ்சின் இரைச்சலில் விமானியிடம் பேச முடியாது. மேகம் வந்து நிழலைக் கெடுப்பதற்குள் விமானம் சரியான கோணத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர், டார்செட், பெர்க்ஷயர், சாமர்செட் என ஐந்து மாவட்டங்களின் மேல் பறந்து எடுத்த படங்களில் தேர்ந்தவை 1928இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய புத்தகமாக வந்தன. ‘வெசெக்ஸ் ஃப்ரம் தி ஏர்’ என்ற அந்த நூலில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே, கோட்டுக்குக் கோடு விளக்கம் உண்டு. மேலிருந்து எடுத்த நிலக்காட்சி அழகாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அழகுக்குள் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, அதை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம் என்று இந்த இருவரும் காட்டினார்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் சிறியதல்ல.

வெயில், ஏர், பயிர்

மண்ணுக்கு அடியில் இருப்பது மேலே எப்படித் தெரியும்? இந்தத் தொடரின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தெற்கு இங்கிலாந்தின் அந்த மேட்டுநிலத்துக்குக் கீழே வெள்ளைச் சுண்ணப்பாறை. மேலே இருப்பது மெல்லிய மண்படலம். 4,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ அந்தப் பாறையில் அகழி வெட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளடைவில் மண் சரிந்து அகழி தூர்ந்துவிடும். கரை உழவில் கரைந்துவிடும். நடந்துபோனால் சமதளம். ஆனால் வெட்டுப்பட்ட பாறை மறுபடி கூடுவதில்லை. அந்த இடத்தில் மட்டும் மண் ஆழமாக இருக்கும், ஈரம் நிற்கும். அங்கே விழுந்த கோதுமை விதையின் வேர் ஆழத்துக்கு இறங்கித் தண்ணீர் குடிக்கும். அக்கம்பக்கத்துப் பயிர் வெயிலில் வெளிறும்போது, அகழியின் மேல் நிற்கும் பயிர் கரும்பச்சையாக, கொஞ்சம் உயரமாக, செழித்து நிற்கும். புதைந்த சுவரின் மேல் என்றால் நேர்மாறு. வேருக்கு இடமில்லை, பயிர் சவலையாகி முதலில் பழுக்கும்.

தரையில் நிற்கும் விவசாயிக்கு, வயலில் ஒரு பக்கம் கொஞ்சம் பச்சை கூடுதல் என்று மட்டுமே தோன்றும். 2,000 அடி உயரத்தில் அதே பச்சை ஒரு வட்டமாகவோ சதுரமாகவோ வடிவம் கொள்ளும்.

இது பயிர்த் தடம். இன்னும் இரண்டு உண்டு. உழுது போட்ட வெறும் நிலத்தில், கரைந்த கரையின் சுண்ணம் வெள்ளையாக மேலே வருவது மண் தடம். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்கும்போது, கணுக்கால் உயர மேடுகூட நீண்ட நிழல் போடுமே, அது நிழல் தடம். அதே இடத்தை உச்சிவெயிலில் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ஆக, படம் எடுப்பவருக்குக் கேமரா மட்டும் போதாது. எந்த மாதம், எந்த வேளை, எந்தப் பயிர், மழை பெய்து எத்தனை நாள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். நல்ல மழை வருடத்தில் வயல் முழுக்க ஒரே பச்சையாகி எல்லாத் தடத்தையும் மூடிவிடும். விவசாயிக்குக் கைகொடுக்காத வறண்ட கோடைதான் வானத்துப் புகைப்படக்காரருக்கு அதிகம் காட்டும்.

இந்தப் பாடத்தை அப்படியே நடத்திக் காட்டியவர் ஒரு விமானி.

1925 டிசம்பர் 12

ஸ்குவாட்ரன் லீடர் கில்பர்ட் இன்சால் ஏற்கெனவே புகழ் பெற்றவர். 1915இல் எதிரியின் குண்டுவீச்சுக்கு நடுவே தரையிறங்கிய தன் விமானத்தை இரவோடிரவாகப் பழுது பார்த்து, விடியலில் பறந்து தப்பியதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றவர். பிறகு சிறைபிடிக்கப்பட்டு, மூன்றாவது முயற்சியில் தப்பி வந்தவர்.

அன்று அவர் ஓட்டியது சோப்வித் ஸ்னைப். ஒரே இருக்கை. கூட யாரும் இல்லை. ஸ்டோன்ஹெஞ்ச் பகுதியின் மேல் ஏறத்தாழ 2,000 அடி உயரம்.

கீழே, ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடகிழக்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, டரிங்டன் கிராமத்துக்கு அருகே ஒரு வயல். அதில் ஒரு வட்டம் தெரிந்தது. வட்டத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சில அடையாளங்கள்.

அந்த இடம் யாரும் அறியாததல்ல. உழவில் தேய்ந்துபோன ஒரு பெரிய புதைமேடு என்று பழைய ஆய்வாளர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அந்த வட்டாரத்தில் புதைமேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு அவர் போயிருக்கலாம். ஆனால் புதைமேட்டின் நடுவில் இத்தனை புள்ளிகளுக்கு என்ன வேலை? அதே உயரத்திலிருந்து ஸ்டோன்ஹெஞ்சும் கண்ணுக்கு எட்டியது. அங்கேயும் வட்டம், இங்கேயும் வட்டம்.

சந்தேகம் வந்துவிட்டது. தீர்க்க வழியில்லை. டிசம்பர் மாதத்து வயலில் அதற்கு மேல் காட்ட எதுவும் இல்லை.

இன்சால் காத்திருந்தார். கோதுமை வளர வேண்டும்.

ஜூலையில் வந்த பதில்

1926 கோடையில் பயிர் நன்றாக எழுந்து நின்றபோது அவர் மறுபடியும் அந்த வயலின் மேல் வந்தார்.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. வெளியே அகழி, அகலமான கரும்பச்சை வளையமாக. அதன் ஒரு பக்கத்தில் வாசல் போல ஓர் இடைவெளி. உள்ளே, ஒன்றுக்குள் ஒன்றாக, கரும்புள்ளிகளால் ஆன பல வளையங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஆழமான மண்ணில் வேர்விட்ட ஒரு சின்னக் கோதுமைக் கொத்து. ஒவ்வொரு கொத்துக்கும் கீழே ஒரு குழி.

வயலுக்குள் நடந்து போனவருக்கு அது வெறும் கோதுமை. வளையங்கள் இருந்ததெல்லாம் அந்தச் சில வாரங்களில், அந்த உயரத்தில்.

குழிகள் எதற்கு? ஸ்டோன்ஹெஞ்சைப் போலவே இங்கும் கற்கள் நின்று, பிறகு யாராவது பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்களா?

வெள்ளைப் பாறையில் கருவட்டங்கள்

பதில் தேடிக் களத்தில் இறங்கியவர்கள் மாட் கன்னிங்டனும் அவருடைய கணவர் பென் கன்னிங்டனும். டிவைசிஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட தம்பதி. 1926 ஆகஸ்டில் தொடங்கிய அகழாய்வு 1928 வரை நடந்தது.

மேல்மண்ணை வழித்தெடுத்ததும் வெள்ளைப்பாறை வெளிப்பட்டது. அதில் கரிய மண் நிரம்பிய வட்டங்கள். இன்சாலின் படம் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் குழி. மொத்தம் 168 குழிகள், 6 வளையங்களாக. சரியான வட்டம்கூட இல்லை. சற்றே நீண்ட முட்டை வடிவம். நீண்ட அச்சு நடுக்கோடைச் சூரியன் உதிக்கும் திசையை நோக்கியிருந்தது.

குழிகளில் கல் இல்லை. இருந்தது, மக்கிப்போன மரத்தின் இடத்தை நிரப்பியிருந்த மண். பெரிய குழிகளின் ஓரத்தில் பாறையைச் சரிவாக வெட்டியிருந்தார்கள். கனத்த மரத்தின் அடியை அந்தச் சரிவில் இறக்கி, பிறகு நிமிர்த்துவதற்கான ஏற்பாடு. இது காட்டையே கொண்டுவந்து நட்ட வேலை. ஏறத்தாழ கி.மு. 2500ஐ ஒட்டிய காலம் என்று இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்டோன்ஹெஞ்சில் பெரிய கற்கள் எழும்பிய அதே காலகட்டம்.

ஸ்டோன்ஹெஞ்சை நினைவில் வைத்து இந்த இடத்துக்கு உட்ஹெஞ்ச் என்ற பெயர் நிலைத்தது.

நடுப்பகுதிக்கு அருகே ஒரு சின்னக் குழியில், சுமார் 3 வயதுக் குழந்தையின் எலும்புகள் கிடைத்தன. மண்டையோடு இரண்டாகப் பிளந்திருந்தது. இது பலியாக இருக்கலாம் என்று மாட் கன்னிங்டன் கருதினார். மண்ணின் பாரத்தில் தானாகப் பிளந்திருக்கவும் கூடும். இனி யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. லண்டனுக்கு அனுப்பப்பட்ட அந்த எலும்புகள் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தன. 4,000 ஆண்டுகளுக்கு மேல் மண் காப்பாற்றி வைத்திருந்ததை நம்மால் 20 ஆண்டுகூடக் காப்பாற்ற முடியவில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கன்னிங்டன் தம்பதி அந்த நிலத்தை விலைக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார்கள். மரத்தூண் நின்ற ஒவ்வொரு குழியிலும் ஒரு குட்டைக் கான்கிரீட் கட்டையை நட்டு அடையாளமிட்டார்கள். இன்று போகிறவர்கள் அந்தக் கட்டைகளுக்கு நடுவே நடக்கலாம். 1926இல் விமானத்திலிருந்து மட்டுமே தெரிந்த வளையங்கள் இப்போது தரையிலும் தெரிகின்றன.

தெரியாதது ஒன்று உண்டு. அந்தத் தூண்கள் கூரையைத் தாங்கினவா, அல்லது வானத்தைப் பார்த்து வெட்டவெளியில் நின்றனவா? ஸ்டுவர்ட் பிகாட் என்ற ஆய்வாளர் கூரையுள்ள கட்டடமாக வரைந்து காட்டினார். திறந்தவெளி என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். குழி தூணின் கனத்தைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லும். தலைக்கு மேல் என்ன இருந்தது என்பதைச் சொல்லாது.

இன்னொரு வயல்

1929 ஜூன் 18. இன்சால் இப்போது நாட்டின் கிழக்குப் பக்கம், நார்ஃபோக் மாவட்டத்தின் மேல் பறந்துகொண்டிருக்கிறார். ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. சுண்ண மேடுகளோ பெரிய கல்வட்டங்களோ இல்லாத ஊர். மரவட்டத்தைத் தேடி யாரும் போக மாட்டாத இடம்.

நார்விச் நகரத்துக்கு வெளியே, ஆர்மிங்ஹால் கிராமத்து வயல் ஒன்று கீழே வருகிறது. அதில் வளையங்கள். வளையத்துக்குள் கரும்புள்ளிகள்.

முதல்முறை பார்த்தபோது தான் காண்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த முறை தெரியும். கேமராவை எடுக்கிறார்.

அந்த வயலில் மண்வெட்டி இறங்கியது 1935இல். கிரஹாம் கிளார்க் என்ற இளம் ஆய்வாளர் மேல்மண்ணை விலக்கியபோது, இன்சாலின் இரண்டாவது படம் அவருக்குக் கைகொடுத்ததா? உட்ஹெஞ்ச் வில்ட்ஷயரில் மட்டும் எழுந்த ஒரு விதிவிலக்கா, அல்லது நாடெங்கும் நின்று மக்கிப்போன மரவட்டங்களில் நம் கண்ணில் பட்ட முதலாவதா?

(தொடரும்)